உண்ணா நோன்பு

உயிர்களுக்கெல்லாம் பொதுவாகிய வேட்கைகளுள் முதன்மையானது பசி. பசித்தவிடத்து இரை தேடுதலும், இரை கிடைத்தவிடத்து உண்ணுதலும் விலங்குக்கும் மனிதனுக்கும் ஒக்கும். நோயுற்ற நாய் உணவை வெறுத்து மூலையிற் சுருண்டு கிடத்தலையும், அடைகாக்கும் கோழி இரையை மறந்து முட்டையின்மேல் இருத்தலையும் நாம் கண்டிருக்கிறோம். அவை இயற்கையின் ஏவலால் நிகழ்வன. பசியும் இருக்க, உணவும் முன்னே இருக்க, தடுப்பாரும் இல்லாதிருக்க, "இன்று உண்ணேன்" என்று தானே துணிந்து விலகுதல் மனிதனுக்கே உரிய செயலாகும். அவன் ஏன் அவ்வாறு விலகுகின்றான்? இவ்வினாவுக்கு விடை ஒன்றன்று, பல. அவற்றை ஓரளவு வகுத்து ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் சொற்களை நோக்குவாம். நோன்பு என்பது பொறுத்தலைக் குறிக்கும் அடியிற் பிறந்த தமிழ்ச்சொல். விரதம் என்னும் வடசொல் ஒருவன் தன்மேல் தானே விதித்துக்கொண்ட நியமத்தைக் குறிக்கும். உபவாசம் என்பது 'அருகில் வசித்தல்' எனப் பொருள்படும். இறைவனுக்கு அணுக்கனாய் இருத்தலே அதன் கருத்து என்று பெரியோர் விரித்துரைப்பர். இம்மூன்றினின்றும் வேறாக நிற்பது பட்டினி என்னும் சொல். இவ்வேறுபாட்டை நமது பேச்சுவழக்கே தெளிவாகக் காட்டுகின்றது. நோன்பை நாம் நோற்கிறோம், விரதத்தைப் பிடிக்கிறோம், பட்டினியோ கிடக்கிறோம். நோற்பவனும் பிடிப்பவனும் ஒரு செயலைச் செய்பவர். கிடப்பவனுக்குச் செயல் இல்லை. அவன்மேல் ஒன்று வந்து விழுந்திருக்கின்றது. வயிற்றளவில் இவ்விரண்டும் ஒன்றே. மனத்தளவில் ஒன்றற்கொன்று எதிரானவை.

இவ்வேறுபாட்டை யான் நூலிற் கற்றேனல்லேன். 2022ஆம் ஆண்டு, நாட்டின் பொருளாதார நெருக்கடி முற்றியிருந்த மாதங்களில், யான் வகுப்பாசிரியனாயிருந்த வகுப்பிலே மாணவன் ஒருவன் காலைப் பிரார்த்தனையின்போது மயங்கி விழுந்தான். தண்ணீர் தெளித்து இருத்தி, காலையில் என்ன உண்டாய் என வினவினேன். "விரதம், சேர்" என்றான். அன்று வெள்ளிக்கிழமை. யான் அதனை நம்பியதோடு அமையாது, இவ்விளவயதில் இத்துணைப் பத்தியா என்று வகுப்பின் முன்னே அவனைப் பாராட்டியும் பேசினேன். அடுத்த வாரத்தில் செவ்வாய்க்கிழமையும் அவனுக்கு விரதம், புதன்கிழமையும் விரதம். அவனது தாயாரை அழைத்து உரையாடிய பின்னரே, அவ்வீட்டில் நாளுக்கு ஒருமுறைதான் உலை வைக்கப்படுகின்றது என்பதை அறிந்தேன். இல்லாமையை அச்சிறுவன் விரதம் என்னும் மானமுள்ள சொல்லினால் மூடி வைத்திருந்தான். யான் பாராட்டியதோ அவனது பசியை. அன்று தொடங்கி இவ்விடயம் என் மனத்தை விட்டு அகலவில்லை.

உண்ணாமைக்குரிய காரணங்களுள் மிகப் பழையன நோயும் துயருமே எனலாம். காய்ச்சல் கண்டவனுக்கு உணவு கசக்கும். இலங்கணம் பரம ஔடதம் என்னும் பழமொழி இவ்வியற்கையை மருத்துவ முறையாக்கிக் கொண்டதன் விளைவு. உற்றாரை இழந்தவனுக்கும் சோறு இறங்காது. நம்மவரிடையே இறப்பு நிகழ்ந்த வீட்டில் அடுப்பு மூட்டாதிருத்தலும், அயலாரும் உறவினரும் உணவு கொண்டுவந்து வற்புறுத்தி உண்பித்தலும் இதனையொட்டி எழுந்த வழக்கங்களே. இவ்வழக்கத்தில் ஒரு நுட்பம் உண்டு. துயருற்றவன் உண்ணாதிருத்தலைச் சமூகம் மதிக்கின்றது. ஆயினும் அவனை உண்ணாதே விட்டுவிட அது உடன்படுவதில்லை.

இயற்கையாக நேர்ந்த இவ்வுண்ணாமையைக் கருத்தோடு மேற்கொள்ளும் ஒழுக்கமாக உயர்த்தியவை சமயங்கள். சைவசமயத்தில் விரதம் என்பது உணவை விடுதல் மாத்திரமன்று. ஆறுமுக நாவலர் தமது சைவவினாவிடையில் விரதத்தை விளக்குமிடத்து, உணவை விடுதலையோ குறைத்தலையோ மனம் புலன்களின் பின்னே ஓடாமைக்குரிய துணையாகவே கொள்கின்றார். மெய்யன்போடு கடவுளைச் சிறப்பாக வழிபடுதலே அங்கு முதன்மை பெறுகின்றது. ஆகவே, பகலெல்லாம் உண்ணாதிருந்து அயலானைத் தூற்றுபவன் பசித்திருந்தானேயன்றி நோற்றானல்லன் என்பது தெளிவு.

அன்றியும் நம் முன்னோர் எல்லார்க்கும் ஒரே அளவை விதித்தாரல்லர். நீரும் அருந்தாத முழு உபவாசம், மிளகும் நீரும் மாத்திரம் கொள்ளுதல், பாலும் பழமும் அருந்துதல், ஒருபொழுது உண்ணுதல், மரக்கறி உணவோடு அமைதல் எனப் படிகள் பல உள. ஐப்பசியில் வரும் கந்தசட்டியின் ஆறு நாளும் இவற்றுள் தமக்கியன்ற படியை அவரவர் தெரிந்து கொள்கின்றனர். மாசி மாதத்துச் சிவராத்திரியில் உணவோடு உறக்கமும் துறக்கப்படுகின்றது. கேதாரகௌரி விரதமும் பிள்ளையார் பெருங்கதையும் இருபத்தொரு நாட்களுக்கு நீள்வன. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் இருபத்தைந்து நாள் உற்சவ காலத்தில் யாழ்ப்பாணத்து வீடுகள் பலவற்றில் மீனும் இறைச்சியும் அடுக்களையைக் காண்பதில்லை.

ஆடியமாவாசையும் சித்திராபௌர்ணமியும் தனியே குறிப்பிடத்தக்கவை. முன்னது தந்தையை இழந்தாரும், பின்னது தாயை இழந்தாரும் நோற்பன. ஆடியமாவாசையன்று கீரிமலையிலே தீர்த்தமாடி, பிதிர்க்கடன் கழித்து, காகத்துக்கு வைத்த பின்னரே வீட்டில் இலை போடப்படும். காத்தோட்டிக்காய்க் கறியின் கசப்பும் அவ்விலையில் இடம்பெறும். தன்னை ஊட்டி வளர்த்தவரை நினைத்து ஒருநாள் உணவைத் தாழ்த்துதலில் நினைவும் நன்றியும் கலந்திருக்கின்றன. நோய் நீங்கவும் மகப்பேறு வாய்க்கவும் பரீட்சையிற் சித்தியெய்தவும் நேர்த்தி வைத்துப் பிடிக்கும் விரதங்கள் வேறு வகையின. அவற்றைச் சிலர் இறைவனோடு செய்யும் வாணிகம் என இகழ்வர். கையறுநிலையில் நிற்கும் ஒரு தாய்க்கு, தன் பங்குச் சோற்றைத் தவிரக் கொடுப்பதற்கு வேறொன்றும் இல்லாதிருத்தலும் கூடும். அவளை இகழ்வதற்கு எனக்கு மனம் வருவதில்லை.

நம்மோடு இந்நாட்டில் வாழும் பிற சமயத்தாரும் உண்ணாமையைப் போற்றுவர். ஆயினும் அவர் அழுத்தும் பொருள் சிறிது வேறுபடும். பௌத்த பிக்குகள் நண்பகலின் பின் திண்ணிய உணவை உட்கொள்ளார். பௌர்ணமி தினத்தில் அட்டசீலம் மேற்கொள்ளும் இல்லறத்தாரும் அவ்வாறே மறுநாள் விடியுமளவும் இருப்பர். கௌதமர் கடுந்தவத்தினால் உடல் வற்றி, அவ்வழி ஞானத்துக்கு உதவாதெனக் கண்டு, சுசாதை அளித்த பாற்சோற்றை ஏற்றார் என்பது பௌத்த மரபு. ஆதலின் அங்கு உணவைக் குறைத்தல் உண்டு. உடலை வருத்திக் கெடுத்தல் இல்லை. இஸ்லாமியர் றமழான் மாதம் முழுவதும் வைகறை முதல் ஞாயிறு மறையும்வரை நீரும் அருந்தாது நோற்பர். அவர் மாதங்கள் பிறையைப் பற்றியன வாதலின், நோன்பு ஆண்டுதோறும் ஏறக்குறைய பதினொரு நாள் முற்பட்டு வந்து, காலப்போக்கில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வரும். நோயாளரும் வழிச்செல்வோரும் அதனைப் பிற்படுத்தலாம். மாத முடிவில், பெருநாள் தொழுகைக்கு முன், வறியவர்க்கு உணவுத்தானம் வழங்கல் கடமையாகும். கத்தோலிக்கர் விபூதிப் புதன் தொடக்கம் உயிர்த்த ஞாயிறு வரையுள்ள தவக்காலத்தை மனமாற்றத்துக்கும் கழுவாய்க்கும் உரியதாகக் கொள்வர். 1966ஆம் ஆண்டில் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் நோன்பு விதிகளைத் தளர்த்தியபோது, வழிபாட்டையும் அறச்செயலையும் அதனோடு சேர்த்து வலியுறுத்தினார். யூதர் தமது பாவக்கழுவாய்த் திருநாளில் ஏறக்குறைய இருபத்தைந்து மணி நேரம் உண்ணாதும் பருகாதும் இருப்பர். இவற்றையெல்லாம் ஒருங்கு நோக்குமிடத்து, புலனடக்கம், பத்தி, நினைவு, கழுவாய், பிறர் பசியை உணர்தல் என்னும் ஐந்தும் எச்சமயத்திலும் ஏதோ ஓர் அளவில் காணப்படும்.

இனி, உயிரையே விடத் துணிந்து உண்ணாதிருத்தல் ஒரு தனிவகை. பழந்தமிழர் இதனை வடக்கிருத்தல் என்றனர். தன் மைந்தரோடு போருக்கெழுந்த கோப்பெருஞ்சோழன், புல்லாற்றூர் எயிற்றியனாரின் அறிவுரையால் போரைக் கைவிட்டு வடக்கிருந்தான். அவனை நேரிற் காணாமலே நட்புப் பூண்டிருந்த பாண்டிநாட்டுப் பிசிராந்தையார் அவ்விடம் வந்து தாமும் உயிர் நீத்தார். வெண்ணிப் போரிற் கரிகாலனோடு பொருது புறப்புண்பட்ட சேரமான் பெருஞ்சேரலாதன் அந்நாணம் பொறாது வடக்கிருந்தான். சேரமான் கணைக்காலிரும்பொறை சிறையிலே தாகத்துக்கு நீர் கேட்டுக் காலந்தாழ்த்துப் பெற்று, அதனைப் பருகாது துஞ்சினான் என்பது புறநானூற்று மரபு. இவர்களை உணவினின்றும் விலக்கியவை நாணமும் மானமும் நட்புமாம்.

சமணரது சல்லேகனை இதனோடு ஒப்பிடத்தக்கதாயினும் நோக்கத்தால் வேறானது. முதுமையோ தீராநோயோ வந்தவிடத்து, பற்றினைப் படிப்படியாகக் குறைப்பது போல உணவையும் குறைத்து அமைதியோடு உடலை விடுதலே அது. செஞ்சிக்கு அண்மையிலுள்ள திருநாதர்குன்றிலே, சந்திரநந்தி என்னும் ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்ததைப் பழைய தமிழ்க் கல்வெட்டொன்று இன்றும் அறிவிக்கின்றது. இவ்வொழுக்கம் தற்கொலையாகுமா என்னும் வினா நமது காலத்திலும் எழுந்தது. 2015ஆம் ஆண்டு ஓகத்து மாதத்தில் இராசத்தான் உயர்நீதிமன்றம் அதனைக் குற்றமெனத் தீர்ப்பளித்தது. அம்மாதத்திலேயே இந்திய உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது. சாவை நாடுதலுக்கும், வருஞ்சாவை எதிர்கொள்ளுதலுக்கும் இடையேயுள்ள எல்லையைச் சட்டத்தினால் வரைதல் எளிதன்று.

அடுத்து, நீதி வேண்டி உண்ணாதிருத்தல். இதுவும் புதியதன்று. கடன் கொடுத்தவன் கடன்பட்டவனது வாயிலிலே உண்ணாது அமர்ந்திருக்கும் 'தர்ணா' என்னும் வழக்கம் இந்தியாவில் இருந்தது. அதனையொத்த வழக்கத்தை அயர்லாந்தின் பண்டைச் சட்டமும் ஏற்றுக்கொண்டிருந்தது. ஒன்றற்கொன்று நெடுந்தொலைவிலுள்ள இவ்விரு நாடுகளிலும் வலியற்றவன் கண்ட படைக்கலம் ஒன்றாயிருத்தல் வியப்பே. தன் வாயிலில் ஒருவன் பசித்திருக்கத் தான் உண்பது இழிவு என்னும் உணர்ச்சியே அப்படைக்கலத்தின் கூர்மையாகும்.

இருபதாம் நூற்றாண்டில் இது சிறைக்கூடங்களிலும் பொதுவிடங்களிலும் பரவிற்று. 1909ஆம் ஆண்டு யூலை மாதத்தில், வாக்குரிமை வேண்டிய மேரியன் வொலசு டன்லொப் என்னும் மாதரசி இலண்டன் சிறையில் 91 மணி நேரம் உண்ணாதிருந்து விடுதலை பெற்றார். பின்னர் அவ்வழி சென்ற மகளிர்க்குக் குழாய்மூலம் வலிந்து உணவு புகட்டப்பட்டது. 1920இல் கோர்க் நகர முதல்வர் தெரன்சு மக்சுவினி 74 நாட்களின் பின் பிரிக்சுற்றன் சிறையில் உயிர் நீத்தார். 1929இல் யதீந்திரநாத தாசர் அரசியற் கைதிகளின் உரிமைக்காக இலாகூர்ச் சிறையில் 63 நாள் நோற்று மாண்டார். 1952இல் பொட்டி சிறீராமுலு ஆந்திர மாநிலம் வேண்டிச் சென்னையில் 58 நாள் உண்ணாதிருந்து இறந்தார்; அடுத்த ஆண்டு ஒக்டோபர் முதலாந் தேதி அம்மாநிலம் தோன்றியது. 1981இல் வட அயர்லாந்துச் சிறையில் பொபி சாண்ட்சும் அவர் தோழர் ஒன்பதின்மரும் ஒருவர்பின் ஒருவராக மடிந்தனர். நமது மண்ணிலும் 1987ஆம் ஆண்டு செத்தெம்பரில் திலீபன் நல்லூரிலே நீரும் அருந்தாது பன்னிரண்டாம் நாளில் இறந்தார். 1988இல் மட்டக்களப்பில் பூபதி அம்மையார் ஒரு மாத நோன்பின் முடிவில் உயிர் நீத்தார். 2017ஆம் ஆண்டு சனவரியில் வவுனியாவிலே, காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் விடை கேட்டு உண்ணாதிருந்தனர். அவருட் பலர் முதிய தாய்மார்.

இவ்வழியைப் பற்றி ஆழ்ந்து சிந்தித்தவர் காந்தியடிகள். அவர் 1924இல் இந்து முஸ்லிம் ஒற்றுமைக்காக 21 நாளும், 1948 சனவரியில் தில்லியில் அமைதி வேண்டி ஐந்து நாளும் நோற்றார். அன்பு கொண்டாரைத் திருத்துதற்கே நோன்பு தகும், பகைவனைப் பணிய வைத்தற்கு அன்று என்பது அவர் கொள்கை. ஆயினும் அவரது நோன்பும் எதிர்வாதத்துக்கு அப்பாற்பட்டதன்று. 1932 செத்தெம்பரில், தாழ்த்தப்பட்டோர்க்கு வழங்கப்பட்ட தனித்தொகுதி முறையை எதிர்த்து அவர் எரவாடாச் சிறையில் உண்ணாதிருந்தபோது, அம்பேத்கர் பூனா ஒப்பந்தத்துக்கு இசைய நேர்ந்தது. அது தம்மேற் செலுத்தப்பட்ட வற்புறுத்தல் என்றே அம்பேத்கர் பின்னரும் கருதினார். ஒருவன் தன்னை வருத்துதல் பிறர்மேற் சுமத்தும் வலியாகவும் ஆகக்கூடும் என்பதை நாம் மறத்தலாகாது. அன்றியும், எதிர்ப்பக்கத்தில் இரங்கும் நெஞ்சமோ, நாணுதற்குரிய பொதுமக்கள் கருத்தோ இல்லாதவிடத்து இப்படைக்கலம் ஏந்தியவனையே வீழ்த்தும்.

இத்துணைக் காரணங்களுள் எதனாற் பசித்திருப்பினும் உடலின் கணக்கு ஒன்றே. உண்ட உணவின் சக்தி தீர்ந்ததும், ஈரலில் கிளைக்கோசனாகச் சேமித்து வைக்கப்பட்ட ஏறக்குறைய நூறு கிராம் மாப்பொருள் குளூக்கோசாக மாறிக் குருதியிற் சேரும். அது ஏறத்தாழ ஒரு நாளைக்கே போதும். அதன்பின் உடல் கொழுப்பைக் கரைக்கத் தொடங்கும். சில நாட்களில், கொழுப்பினின்றும் உண்டாகும் கீற்றோன் பொருள்களை மூளையும் ஏற்றுக்கொள்ளப் பழகும். இவ்வேற்பாட்டினாலேயே தசை விரைந்து அழியாது காக்கப்படுகின்றது. நீர் அருந்துபவன் வாரக்கணக்கில் உயிர்வாழ்தலும் இயலுகின்றது. கொழுப்புச் சேமிப்பு ஒடுங்கியபின் தசையும், இதயத்தின் தசையுங்கூட, எரிபொருளாகும்.

பசி உள்ளத்தை என்ன செய்யும் என்பதை மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீசு என்பவர் 1944, 1945ஆம் ஆண்டுகளில் நடத்திய ஆய்வு காட்டிற்று. போரில் ஆயுதமேந்த மறுத்த இளைஞர் 36 பேர் அதற்குத் தாமே முன்வந்தனர். 24 வாரங்கள் அரைவயிற்றுணவு பெற்று, உடலெடையில் ஏறக்குறைய நாலிலொரு பங்கை இழந்தனர். அவர்களுக்கு நூலிலும் நட்பிலும் நாட்டம் குன்றிற்று. சினமும் சோர்வும் மிகுந்தன. சிலர் சமையற் குறிப்புகளைத் தொகுத்து வாசிப்பதிலேயே பொழுதைக் கழித்தனர். இவர்கள் ஓர் உயர்ந்த நோக்கத்துக்காக விரும்பி வந்தவர்கள், முடிவுநாளும் அறிந்தவர்கள். அவர்க்கே இவ்வாறாயின், முடிவறியாது பசித்திருக்கும் சிறுவன் கேத்திரகணிதத்தில் எவ்வாறு மனம் பதிப்பான்? பின்வரிசையிலிருந்து தூங்கும் மாணவனைச் சோம்பேறி என்னுமுன் ஆசிரியன் இதனை எண்ணுதல் வேண்டும்.

நோன்பிருப்பார்க்கும் இவ்வுடற்கணக்கிற் படிப்பினை உண்டு. இன்சுலினோ, குருதிவெல்லத்தைக் குறைக்கும் சில மாத்திரைகளோ பெறும் நீரிழிவு நோயாளர் வைத்தியரைக் கேளாது முழு உபவாசம் இருத்தல் ஆபத்தானது. குருதியில் வெல்லம் சடுதியாகத் தாழ்ந்து நினைவு தப்பக்கூடும். கருவுற்றோரும் வளரும் பிள்ளைகளும் கடுநோன்புக்கு உரியரல்லர். நெடுநாட் பசித்திருந்தவன் திடீரென நிறைய உண்ணின், குருதியிற் பொசுபேற்று முதலியன குறைந்து இதயம் தடுமாறும். இரண்டாம் உலகப்போரின் பின் விடுவிக்கப்பட்ட கைதிகளுட் சிலர் உணவு கிடைத்த பின்னரே இறந்தமைக்கு இது காரணமாயிற்று. விரதத்தை முடித்துப் பாரணை செய்வதையும் ஒரு விதிக்குட்படுத்திய நம் முன்னோர் வழக்கம் பொருளுடையதே. உடல் மெலிதலையே குறிக்கோளாக்கி உணவை அஞ்சி ஒதுக்கும் இளையோர் சிலர் உளர். அது நோன்பன்று, மருத்துவம் வேண்டும் உளநோய்.

இதுகாறும் கூறியவற்றால், உண்ணாமையை நோன்பாக்குவது வெறும் வயிறன்று, உண்ணாதவனது உரிமையே என்பது பெறப்படும். உண்ணவும் இயலும், உண்ணாதிருக்கவும் இயலும் என்னும் நிலையில் நிற்பவனே நோற்க வல்லவன். அவ்வுரிமை இல்லாதவனிடத்து நோன்பைப் பாராட்டுதல் அறியாமை, சிலவேளை கொடுமையுமாம். பசியைப் பொறுத்திருக்கும் தவத்தோர் ஆற்றலை ஒப்புக்கொண்ட திருவள்ளுவர், பிறர் பசியைத் தீர்ப்பவரது ஆற்றலை அதனினும் மேலாக வைத்தார். மணிபல்லவத்திலே மணிமேகலை பெற்ற அமுதசுரபி நிறைந்ததும் பிறருக்கு வழங்குதற்கே. மணிபல்லவம் நமது நயினாதீவே என்பது பலர் கருத்து.

அம்மாணவனது செய்தி அறிந்தபின், ஆசிரியர் சிலர் சேர்ந்து காலையில் ஓர் அண்டா இலைக்கஞ்சி காய்ச்ச ஏற்பாடு செய்தோம். இன்னார்க்கு என்று குறித்தால் எவரும் வரமாட்டாராதலின், ஆசிரியரும் மாணவருமாக எல்லோரும் ஒரே வரிசையில் நின்று வாங்கினோம். அரிசி வாங்குதற்கு, வெள்ளிக்கிழமைகளில் ஒருபொழுது இருக்கும் ஆசிரியர் தாம் உண்ணாத வேளையின் செலவை ஓர் உண்டியலில் இட்டு வந்தனர். முதல் வெள்ளியன்று அம்மாணவனும் வரிசையில் நின்றான். இன்று விரதமில்லையோ என்று யான் கேட்கவில்லை. அவனும் ஒன்றும் சொல்லவில்லை. இருமுறை வாங்கிக் குடித்துவிட்டு வகுப்புக்குச் சென்றான்.

நோற்பவர் நோற்க. நோற்குமிடத்து, தாம் விடுத்த கவளம் யாருடைய இலையைச் சென்றடைகின்றது என்பதையும் ஒருமுறை நோக்குவாராக.